வாழை வைக்கும் முன் கோரையை ஒடுக்க ஒன்றரை வருஷத் திட்டம்

வாழை வைத்த பிறகு கோரைக் களையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஏத்தன் (நேந்திரன்) வாழைக் கன்று வைத்து, உரம் போட்டு, தண்ணீர் கட்டி, கோரை முழங்காலுக்கு வந்த பிறகு ஆள் தேடுகிறார்கள். வெட்டிப் போட்ட இடத்தில் இரண்டு வாரத்தில் பழையபடி பச்சை. திரும்பவும் ஆள், திரும்பவும் கூலி. கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே ஆறடி வெயில் விழுகிறது, வாழை இலை விரிந்து நிழல் கட்ட நாலைந்து மாதம் ஆகிறது. அதுவரை உரமும் ஈரமும் கோரைக்கும்தான் போகிறது. அதற்குள் களைக்கொல்லி மருந்து அடித்தால் கோரைக்கு முன்னால் கன்று வாடும்.

அதனால் கோரை ஏறிய வயலில் வாழையை ஒன்றரை வருஷம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு கோடை உழவு, ஒரு மக்காச்சோளம், ஒரு கும்பப்பூ (மாசி வாக்கில் அறுக்கிற நெல்), ஒரு தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்), ஒரு கன்னிப்பூ (புரட்டாசி வாக்கில் அறுக்கிற நெல்). நடுவில் சரியான நேரத்தில் ஒரே ஒரு தடவை கோரை மருந்து. இந்த வரிசைதான் கோரையை அடக்கும். வரிசை இல்லாமல் மருந்து மட்டும் அடித்தால் இலை சாகும், கிழங்கு இருக்கும்.

நான் தோவாளை தாலுகாக்காரி. பூதப்பாண்டி பக்கம் சானல் (கால்வாய்) பாய்கிற ஏலாவில், அதாவது வயல்வெளியில், நெல்லும் வாழையும் மாற்றி மாற்றி வைக்கிறோம். உழவும் நடவும் களையும் என் பொறுப்பு, மருந்து அடிப்பது வீட்டுக்காரர். கீழே சொல்வது எங்கள் களிமண்ணுக்கும் எங்கள் மழைக்கும் பொருந்திய முறை. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண் விளைகளில் (மேட்டுத் தோட்டங்களில்) பயிர் செய்கிறவர்கள் மாதக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எந்தக் கோரை என்று முதலில் பாருங்கள்

நெல் வயலில் நிற்கிற முக்கோணத் தண்டு எல்லாம் ஒரே கோரை இல்லை. வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் விதையில் முளைத்து ஒரு பூவோடு முடிந்துபோகிறவை. பிடுங்கினால் நார்வேர்தான் வரும். பிஸ்பைரிபேக் சோடியம் மாதிரி நெல்லுக்கு அடிக்கிற மருந்துக்கே இவை அடங்கிவிடும். நாம் பேசுவது கிழங்குக் கோரை. பூ செம்பழுப்பாக இருக்கும், இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், அடியில் கிழங்கு இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து வாங்கினால் காசு போகும். ஒரு கடையில் எங்களுக்குக் கோரை மருந்து என்று கொடுத்தது வட்டக்கோரைக்கு உள்ளது. அடித்த இடத்தில் மற்ற களை எல்லாம் போய், கிழங்குக் கோரை மட்டும் இடம் தாராளமாகக் கிடைத்துச் செழித்து நின்றது.

சரி, ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள். இழுத்தால் வராது, இலையும் கழுத்தும் கையோடு வந்து கிழங்கு மண்ணில் நின்றுவிடும். மம்பெட்டியால் ஒரு அடி சதுரத்துக்கு ஒரு சாண் ஆழம் பெயர்த்து, மண்ணைக் கையால் உதிர்த்து எடுங்கள். தண்டின் அடியில் சின்னதாக ஒரு குமிழ். அதிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய வேர்த்தண்டு ஓடி ஒரு கிழங்கில் முடியும். அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. எங்கள் வயலில் களை பறிக்க வருகிற அக்கா ஒரு கொத்தை முழுசாகத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "இது ஒத்தக் கிழங்கு இல்ல மக்களே, மாலையாக்கும்." புதுக் கிழங்கு வெள்ளையாக வழுவழுப்பாக இருக்கும். முதிர்ந்தது கருத்து, மேலே பழுப்புச் செதிலோடு இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நாட்டு மருந்துக் கடை வாசனை வரும். வெள்ளையாக இருக்கிற வரை அதற்கு உயிர் இருக்கிறது.

இந்தத் தொடரில் நுனிக் கிழங்கு முளைத்தால் மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மேலே ஒரு செடி தெரிந்தால் கீழே பல கிழங்கு காத்திருக்கிறது. வெட்டும்போதும் உழும்போதும் தொடர் அறுகிறது. அறுந்ததும் உறங்கிய கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும். ஒரு தடவை மட்டும் உழுது விட்ட வயலில் கோரை முன்னைவிட அடர்த்தியாக வருவது இதனால்தான். ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். உறங்குகிற கிழங்கை எந்த மருந்தும் கொல்லாது. எழுப்பி, இலை விட வைத்து, அந்த இலை வழியாகத்தான் அடிக்க முடியும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். முளைத்த செடி மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் அடித்தால் பழைய கிழங்கு செலவாகிப் புதிது வராது. பூ வந்த பிறகு அடித்தால் கீழே அடுத்த தலைமுறை தயாராக இருக்கும். இதன் விதை முளைப்பது மிகக் குறைவு, பரவுவது எல்லாம் கிழங்காலேயே. அதனால் கிழங்குக் கணக்கு குறைந்தால் கோரை குறைந்தது, அவ்வளவுதான்.

மாசி, பங்குனி: காய விடுங்கள்

நமக்கு இரண்டு மழை. ஆனியிலும் ஐப்பசியிலும் பெய்வது போக சித்திரையிலேயே கோடை மழை இடித்துக்கொண்டு வரும். கிழங்கைக் காயப்போட நமக்குக் கிடைப்பது கும்பப்பூ அறுத்த பிறகு மாசியும் பங்குனியும் மட்டுமே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி தண்ணீரும் அப்போது நிற்கும். இந்த இடைவெளியை விட்டால் அடுத்த வருஷம்தான்.

அறுவடை முடிந்து மண்ணில் கால் பதியாத பதம் வந்ததும் உழுதுவிடுங்கள். வைக்கோல் காய வேண்டும், கட்ட வேண்டும் என்று இரண்டு வாரம் தள்ளினால் களிமண் இறுகிவிடும். அப்புறம் உழுதால் பாறை மாதிரி கட்டி பெயரும். கட்டிக்குள் இருக்கிற கிழங்குக்கு வெயிலே தெரியாது, ஈரத்தோடு பத்திரமாகக் கிடக்கும். எங்கள் மண்ணில் கோடை உழவு பலன் தராமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் உழவுக்கு ரோட்டவேட்டர் வேண்டாம். அது தொடரை நறுக்கி வயல் முழுக்கப் பரப்பும், கிழங்கை மேலே கொண்டுவராது. சட்டிக்கலப்பை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஐந்து கொழுக் கலப்பை. பெரும்பகுதிக் கிழங்கு மேல் ஒரு சாணுக்குள் இருப்பதால் அந்த ஆழம் புரண்டால் போதும். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒன்பது கொழுக் கலப்பையால் குறுக்கே ஒரு உழவு. மேலே வந்த கிழங்கு நல்ல வெயிலில் இரண்டு வாரத்தில் சுருங்கிச் சாகும். நறுக்கிப் பாருங்கள், உள்ளே பழுப்பாக இருந்தால் போய்விட்டது. குறுக்கு உழவு புதைந்து கிடந்ததை மேலே தள்ளும். முடிந்தால் பங்குனிக் கடைசியில் மூன்றாவது உழவும் போடுங்கள். நடுவில் மழை பெய்துவிட்டால் மண் காய்ந்ததும் உடனே இன்னொரு உழவு, இல்லாவிட்டால் கிழங்கு தேறிவிடும்.

வரப்பையும் மறக்காதீர்கள். வரப்புக் கோரையைச் செதுக்கி வயலுக்குள் தள்ளுவது நம் ஆட்களின் பழக்கம். அதைப் பொறுக்கிக் களத்திலோ கல்லின் மேலோ காயப்போட்டு எரித்துவிடுங்கள். சாணிக்குழியில் போட்டால் சாகாது. அடுத்த பயிருக்கு எருவோடு திரும்பி வயலுக்கே வரும்.

செம்மண் விளைகளில் மண் சீக்கிரம் காய்கிறது, கட்டி பிரச்சினை கிடையாது. ஆனால் குலசேகரம், அருமனைப் பக்கம் கோடை மழை முந்தி வரும். அவர்கள் தை கடைசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

சித்திரை: மக்காச்சோளம் ஏன்

எங்கள் ஏலாவில் மக்காச்சோளம் வைக்கிறவர்கள் அரிது. கன்னிப்பூவை ஒரு வருஷம் விட்டுவிட்டு அதை வைக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லாருக்கும் தயக்கம்தான். நான் அதைத் தேர்ந்ததற்கு மருந்துதான் காரணம். கோரைக்கிழங்கு வரை போய் வேலை செய்கிற ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75 சதவீதக் குருணை மருந்து நம் நாட்டில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பதிவானது. நாஞ்சில் நாட்டில் கரும்பு கிடையாது. மக்காச்சோளம் வைத்தால் மருந்தைச் சட்டப்படி, பயிருக்குச் சேதமில்லாமல் அடிக்கலாம். தவிர மக்காச்சோளம் வேகமாக உயர்ந்து நிழல் கட்டும். கோரைக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது நிழல். வெயில் குறைந்தால் கிழங்கு வைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பச்சைக் கதிர் கன்னியாகுமரிக்குப் போகிற சாலையோரக் கடைகளுக்குப் போகும், தட்டை மாட்டுக்கு.

சித்திரை முதல் பாதிக்குள் விதையுங்கள். கிணற்றுத் தண்ணீர் இருக்கிறவர்களுக்குத்தான் இது வசதி. ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். விதைத்ததும் ஒரு தண்ணீர். வாரத்திலேயே பயிரோடு கோரையும் ஊசி ஊசியாக மேலே வரும். பயப்பட வேண்டாம், அது வர வேண்டும் என்றுதான் இத்தனை உழவும். மக்காச்சோளத்துக்கு வழக்கமாக அடிக்கிற அட்ரசின் இதைத் தடுக்காது. கோரைக்காக அதை வாங்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் கொத்தவும் கூடாது. கொத்தினால் இலை போய்விடும், மருந்து உள்ளே போக வழி இருக்காது.

கோரைக்கு நாலு முதல் ஆறு இலை வந்ததும் அடிக்க வேண்டும். பயிருக்கு அப்போது இருபது இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும், வைகாசி பிறக்கிற சமயம். பூத்தண்டு தலை காட்டினால் தாமதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். வாடிக் கிடக்கிற கோரை மருந்தை கிழங்குக்கு இறக்காது. முந்தின நாள் தண்ணீர் கட்டிவிட்டு அடிப்பது எங்கள் வழக்கம்.

அளவு ஏக்கருக்கு 36 கிராம், தண்ணீர் 150 லிட்டர். ஏக்கருக்கு 36 கிராம் என்றால் கையளவு கூட இல்லை. ஒரு டாங்கில் கூடியும் ஒரு டாங்கில் குறைந்தும் போய்விடும் என்பதால் நாங்கள் இப்படிச் செய்கிறோம். 36 கிராமையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுக்கக் கரைத்துக்கொள்கிறோம். 15 லிட்டர் டாங்கு ஒன்றுக்கு இந்தக் கரைசலில் 100 மில்லி. ஒவ்வொரு தடவையும் அளக்கும் முன் கரைசலைக் கலக்கி விடுகிறோம், அடியில் தங்கக் கூடாது. பத்து டாங்கில் ஒரு ஏக்கர் முடிய வேண்டும். 40 சென்ட் வயல் என்றால் நாலு டாங்கு. கூடவே ஒட்டும் திரவம் சேருங்கள். கோரை இலையில் மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் உண்டு, வெறும் தண்ணீர் உருண்டு விழுந்துவிடும். சானல் தண்ணீர் கலங்கலாக ஓடினால் அதை எடுக்காதீர்கள், கிணற்றுத் தண்ணீர் போதும். விசிறி நாசில் போட்டு, பயிரின் குருத்தில் ஊற்றாமல், வரிசை நடுவே கோரை மேல் படும்படி அடிக்க வேண்டும்.

தோவாளைக்காரர்களுக்குக் காற்று ஒரு தனிப் பாடம். வைகாசியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றில் மருந்துத் துளி நம் வயலில் நிற்காது. பக்கத்தில் பிச்சி, கிரேந்திப் பூந்தோட்டம் இருக்கலாம், மரச்சீனி (மரவள்ளி), காய்கறி இருக்கலாம். விடியற்காலையில் இலைப் பனி உலர்ந்ததும் தொடங்கி, காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுங்கள். காற்று வந்துவிட்டால் மீதியை மறுநாளைக்கு வையுங்கள். கலந்ததை வீணாக்க வேண்டாமே என்று அடித்துத் தீர்க்காதீர்கள், அடுத்தவர் தோட்டம் நம் காசை விடப் பெரியது. டாங்கு டாங்காகக் கலந்துகொண்டால் இந்தச் சிக்கலே வராது. மழை வர நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அடித்த பிறகு பொறுமை வேண்டும். இரண்டு மூன்று நாளில் வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பச்சையாகவே நிற்கும். ஒரு வாரம் கழித்துத்தான் நடுக் குருத்து வெளிறி மஞ்சளாகும். அந்த மஞ்சள் வெளி இலைக்குப் பரவி, நுனி பழுப்பாகி, முழுக்கக் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மருந்து கேட்கவில்லை என்று கொத்திவிடுவார்கள், இல்லை வேறு எதையாவது மேலே அடிப்பார்கள். குறைந்தது பத்து நாள் கோரையைத் தொடக் கூடாது. இலையிலிருந்து கிழங்குக்கு மருந்து இறங்குகிற நேரம் அது. மூன்று வாரம் கழித்துச் செத்த தூர் ஒன்றைப் பெயர்த்து, கிழங்கை நறுக்கிப் பாருங்கள். செடியோடு ஒட்டிய கிழங்கு பழுத்து மெத்தென்று இருக்கும். கொஞ்சம் தள்ளி உறங்கிக் கிடந்தது வெள்ளையாகவே இருக்கலாம். அதுவும் முளைக்கும், ஆனால் அப்போது மக்காச்சோளம் நிழல் கட்டியிருக்கும். நிழலில் முளைத்தது வெளிறி நூலாக நிற்கும், அதற்காக இன்னொரு தடவை அடிக்க வேண்டாம். அதை அடுத்து நெல்லுக்குப் போடுகிற தொளி, அதாவது சேற்று உழவு, பார்த்துக்கொள்ளும்.

கையுறையும் முகத்துணியும் இல்லாமல் யாரையும் மருந்தடிக்க அனுப்பாதீர்கள். டாங்கைச் சானலில் கழுவாதீர்கள். நம் ஏலாத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்வது குளங்களில். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இருக்கின்றன, அங்கே வருகிற பறவைகளும் இந்தத் தண்ணீரில்தான் இரை தேடுகின்றன. கழுவிய தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடலாம். தட்டையை மாட்டுக்குப் போடுமுன் மருந்து லேபிளில் சொல்லியிருக்கிற காத்திருப்பு நாள் தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள்.

புரட்டாசி: தொளியும் தண்ணீரும்

ஆடியில் கதிர் முடிந்ததும் தட்டையை அறுத்துவிட்டு, சானல் தண்ணீர் விட்டு, தொளி உழவு. வைகாசியில் அடித்த மருந்தால் நெல்லுக்குத் தொந்தரவு கிடையாது, இடைவெளி போதுமானது. பயறு வகைக்குத்தான் ஆகாது, அதை உடனே விதைக்காதீர்கள்.

கும்பப்பூவுக்கு நாற்று தயாராகிற நாளில் வயலை ஒரே மூச்சில் தொளியாக்கிவிடாமல், வாரத்துக்கு ஒன்றாக மூன்று தொளி கொடுங்கள். முதல் தொளியில் உயிரோடு இருக்கிற கிழங்கு கொஞ்சம் முளைக்கும், இரண்டாவதில் அது சேற்றுக்குள் போகும். தண்ணீரைக் கட்டி நிறுத்துங்கள். கிழங்குக் கோரை மேட்டு நிலத்துச் செடி. தண்ணீர் நின்றால் உடனே சாகாது, ஆனால் முளைக்கத் திணறும். பலம் இழந்த கிழங்கு அழுகும். பரம்படிக்கும்போது காற்று ஒதுக்குகிற மூலையில் செத்தையோடு கோரைத் தூரும் மிதந்து சேரும். அதை அரித்துக் கரையில் போட்டால் அவ்வளவும் லாபம்.

வயல் சமமாக இருக்க வேண்டும். மேடு தட்டுகிற இடத்தில் தண்ணீர் நிற்காது, அங்கே மட்டும் கோரை தீவு தீவாக வரும். எங்கள் வயலில் வடக்கு மூலை அப்படி இருந்தது. மண்ணை இழுத்துச் சமமாக்கிய பிறகுதான் அந்த இடம் அடங்கியது. நடவு முடிந்து கோரை தலை காட்டினால் நெல்லுக்குப் பதிவான எத்தாக்ஸிசல்ஃப்யூரான் இருக்கிறது. லேபிள் அளவில், இளம் பருவத்தில் அடிக்கலாம். ஆனால் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது என்றால் கையால் பறிப்பதே மேல், தொளியில் கிழங்கோடு வரும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஹாலோசல்ஃப்யூரான், எத்தாக்ஸிசல்ஃப்யூரான், பைரசோசல்ஃப்யூரான், பிஸ்பைரிபேக், இவை நாலும் செடிக்குள் ஒரே இடத்தைத் தாக்குகிற ஒரே குடும்பம். பெயரை மாற்றி அடிப்பதால் மருந்தை மாற்றியதாக ஆகாது. வருஷா வருஷம் இந்தக் குடும்பத்தையே அடித்த நாடுகளில் வட்டக்கோரை மருந்துக்கு அசையாமல் நிற்கப் பழகிவிட்டது. அதனால்தான் உழவு, நிழல், தண்ணீர் என்று மூன்று வேறு அடிகளுக்கு நடுவே மருந்தை ஒரு தடவையோடு நிறுத்துகிறேன்.

கிளைபோசேட் அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிழங்குக்கு இறங்குகிற மருந்துதான் அது, மறுக்கவில்லை. ஆனால் அதன் லேபிளில் இருப்பது தேயிலையும் பயிரில்லாத இடமும். 2019-ல் திருவல்லாப் பக்கம் வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளிகள் இறந்த பிறகு கேரளம் அதன் விற்பனையை நிறுத்தியது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் வழியாகத்தான் அடிக்க வேண்டும் என்று ஆணை போட்டது. லேபிளில் இல்லாத பயிருக்கு அதை வாங்கி அடிக்க வேண்டிய தேவை, மேலே சொன்ன வரிசையில் எங்கேயும் வரவில்லை. பாராகுவாட் இன்னும் மோசம். இலையைக் கருக்கிவிட்டுக் கிழங்கை அப்படியே விடும். உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. அதை வீட்டில் வாங்கி வைப்பதே ஆபத்து.

அடுத்த வருஷம்

கும்பப்பூ அறுத்ததும் மாசியில் திரும்ப உழவு. இந்தத் தடவை வேலை குறைவு, கட்டி உடைந்த மண் சீக்கிரம் பதத்துக்கு வரும். பங்குனிக் கடைசியில் முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ. அடர்த்தியாக வர வேண்டும், அப்போதுதான் நிழல் கிடைக்கும். நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதால் உரமும் ஆயிற்று. தண்ணீர் குறைவாக இருந்தால் உளுந்தோ தட்டைப்பயறோ போடலாம். முந்தின வைகாசியில் அடித்த மருந்து இதற்குள் பயறுக்குத் தொல்லை தராது. சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) மட்டும் வேண்டாம். கொடி படர்ந்து நிழல் தரும் என்று சிலர் வைப்பார்கள். மிச்சமிருக்கிற கோரையின் கூர்முளை சீனிக்கிழங்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும், சந்தையில் விலை போகாது. பிளாஸ்டிக் மூடாக்கையே குத்திக் கிழித்து வருகிற முளை அது.

வைகாசிக் கடைசியில் கன்னிப்பூ. அம்பை 16 மாதிரி குறுகிய வயது ரகம் போட்டால் புரட்டாசித் தொடக்கத்தில் வயல் காலியாகும். அடுத்த ஓணச் சந்தைக்கு ஏத்தன் வைக்க அதுதான் சரியான நேரம்.

வைக்கும் முன் பழைய மாதிரி ஒரு அடி சதுரம், ஒரு சாண் ஆழம், வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் தோண்டிக் கிழங்கை எண்ணுங்கள். தொடங்கும்போதும் இதே இடங்களில் எண்ணி எழுதி வைத்திருந்தால் வித்தியாசம் கையில் தெரியும். வெள்ளைக் கிழங்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் வாழை வைக்கலாம். குழிக்குக் குழி கை நிறைய வந்தால் இன்னொரு கும்பப்பூ போட்டுவிட்டு வாழையைத் தள்ளுங்கள். ஓண விலை மனதில் ஆடும், தெரியும். ஆனால் பதினொரு மாதம் நிற்கிற பயிருக்குள் கோரையை விட்டால் களைக்கூலியிலேயே குலை விலை போய்விடும்.

வாழைக் கன்று எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். வேர்மண்ணோடு வருகிற கன்றில் கோரைக்கிழங்கும் சேர்ந்து வரும். கன்றை வயலுக்கு வெளியே வைத்து, வேரையும் மண்ணையும் முழுக்கச் சீவி, கழுவி எடுத்துப் போங்கள். கூன்வண்டுக்கும் நூற்புழுவுக்கும் எப்படியும் சீவத்தான் வேண்டும், ஒரே வேலை. குளத்து வண்டல் அடிக்கிறவர்கள் வண்டலைக் கரையில் குவித்துத் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வையுங்கள், கோரை முளைத்தால் அந்த வண்டல் வேண்டாம். டிராக்டர் அடுத்தவர் வயலிலிருந்து நேராக நம் வயலுக்கு வந்தால், கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சாலையிலேயே தட்டிவிடச் சொல்லுங்கள். டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள், டீக்குக் காசு கொடுத்தாவது செய்ய வையுங்கள்.

கன்று வைத்த முதல் நாலு மாதம் வாழைச் சருகும் தென்னோலையும் கனமாகப் பரப்பி, இடையில் தட்டைப்பயறு விதைத்துவிடுங்கள். தப்பித் தவறி வந்த கோரையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சுற்று நடந்து, கம்பியால் குத்திக் கிழங்கோடு எடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் எந்தத் தூரையும் நிற்க விடக் கூடாது. அடுத்த கிழங்கு அதற்குள் வந்துவிடும்.